எச்.ஐ.வி.யின் இரண்டு துணைவகைகள் ஒரே உடலில் சேர்ந்தால் என்ன ஆகும்?

கேள்வி இதுதான்: எச்.ஐ.வி.யில் ஏ, பி, சி என்று பல துணைவகைகள் உண்டு என்கிறார்கள். ஒருவருக்கே இரண்டு வகையும் தொற்றினால் அவை கலந்து புது வைரஸ் பிறக்குமா? பிறந்தால் அது மருந்துக்குக் கட்டுப்படுமா? ஏற்கெனவே தொற்றுள்ள இருவர் சேர்ந்து வாழ்ந்தால் இதற்காகத் தனியாகப் பயப்பட வேண்டுமா?

பிறக்கும். பிறந்துகொண்டேதான் இருக்கிறது. 2010 முதல் 2015 வரையிலான உலகக் கணக்கின்படி, எச்.ஐ.வி. தொற்றுகளில் ஏறக்குறைய 23 சதவீதம் இப்படிக் கலந்து உருவான வைரஸ்களால் வந்தவை. மருந்து பெரும்பாலும் வழக்கம்போல வேலை செய்கிறது. பயம் எங்கே நியாயமானது, எங்கே வீண் என்று பிரித்துப் பார்க்க மட்டும் விஷயத்துக்குள் கொஞ்சம் இறங்க வேண்டும்.

முதலில் பெயர்கள். எச்.ஐ.வி.யில் 1, 2 என்று இரண்டு உண்டு. 2 பெரும்பாலும் மேற்கு ஆப்பிரிக்காவோடு நின்றுவிட்டது. உலகெங்கும் பரவியது 1. அதற்குள் நான்கு குழுக்கள். அவற்றில் 'எம்' எனப்படும் குழுதான் பெருந்தொற்றாக மாறியது. அந்த எம் குழுவுக்குள் இருப்பவையே நாம் பேசும் துணைவகைகள்: ஏ, பி, சி, டி, எஃப், ஜி, ஹெச், ஜே, கே, எல். வரிசையில் 'இ'யும் 'ஐ'யும் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அது தட்டச்சுப் பிழை இல்லை, பிறகு அந்தக் கதைக்கு வருகிறேன். உலகத் தொற்றில் கிட்டத்தட்ட பாதி துணைவகை சி. மேற்கு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நெடுங்காலமாகக் கோலோச்சியது பி, ஆனால் உலகக் கணக்கில் அதன் பங்கு 12 சதவீதம்தான். பெரும்பாலான ஆரம்பகால ஆய்வுகள் பி-யை வைத்தே நடந்தன என்பது இந்தத் துறையின் பழைய கோணல்களில் ஒன்று.

துணைவகைகளுக்கு இடையே வேறுபாடு சின்னது இல்லை. வைரஸின் வெளி உறைப் புரதத்தை எடுத்துக்கொண்டால் சுமார் 30 சதவீதம் அளவுக்குக்கூட வேறுபடும். அவ்வளவு வித்தியாசமான இரண்டு எப்படி ஒட்டிக்கொள்கின்றன?

பலருக்கு மனதில் இருக்கும் படம் இது: இரத்தத்தில் இரண்டு வைரஸ்கள் சந்திக்கின்றன, உருகி ஒன்றாகின்றன. அப்படி நடப்பதே இல்லை. செல்லுக்கு வெளியே மிதக்கும் இரண்டு வைரஸ்கள் ஒன்றையொன்று கண்டுகொள்வதில்லை. நடப்பது இரண்டு தலைமுறைகளில் நடக்கிறது.

முதல் தலைமுறையில், ஒரே ஒரு சி.டி.4 செல்லை (எச்.ஐ.வி. குறிவைக்கும் வெள்ளை அணு) இரண்டு துணைவகைகளும் பிடிக்க வேண்டும். ஒரே உடலில் இருந்தால் போதாது, ஒரே செல்லில் இருக்க வேண்டும். இரண்டும் தங்கள் மரபணுத் தொகுதியை அந்தச் செல்லின் டி.என்.ஏ.வுக்குள் செருகிவிடும். அப்புறம் அந்தச் செல் இரண்டு வகை ஆர்.என்.ஏ.வையும் உற்பத்தி செய்யத் தொடங்கும். இங்கேதான் எச்.ஐ.வி.யின் ஒரு விசித்திரமான குணம் கைகொடுக்கிறது: ஒவ்வொரு வைரஸ் துகளுக்குள்ளும் மரபணுத் தொகுதி ஒன்றல்ல, இரண்டு பிரதிகள் இருக்கும். ஒரே செல்லில் இரண்டு வகை ஆர்.என்.ஏ.வும் சம அளவில் இருந்து, ஜோடி சேர்வதில் பாரபட்சம் ஏதும் இல்லையென்றால், வெளிவரும் துகள்களில் பாதியில் வகைக்கு ஒன்றாக இரண்டு ஆர்.என்.ஏ. இருக்கும். கவனிக்க வேண்டியது, இதுவரை எதுவும் கலக்கவில்லை. இரண்டு முழு ஆர்.என்.ஏ.க்கள் ஒரே பொதிக்குள் அருகருகே இருக்கின்றன, அவ்வளவுதான்.

இரண்டாம் தலைமுறை: அந்தத் துகள் வேறொரு செல்லுக்குள் நுழைகிறது. அங்கே ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் என்ற நொதி ஆர்.என்.ஏ.வைப் படித்து டி.என்.ஏ.வாக எழுத ஆரம்பிக்கிறது. ஒரே நூலின் இரண்டு ஓலைச்சுவடிகளை முன்னால் வைத்துக்கொண்டு படியெடுப்பவர், ஒன்றில் ஏடு சிதைந்திருந்தால் அதே வரியை மற்றதில் தேடிப் பிடித்து எழுதிக்கொண்டே போவார் அல்லவா, இந்த நொதி செய்வதும் அதுதான். ஒரு ஆர்.என்.ஏ.விலிருந்து இன்னொன்றுக்குத் தாவும், மறுபடி பழையதுக்கே திரும்பவும் செய்யும். கடைசியில் கிடைக்கும் டி.என்.ஏ. ஒரே ஒரு பிரதி. அதில் பாதி ஒன்றிலிருந்தும் மீதி மற்றதிலிருந்தும் வந்திருக்கும். புது வைரஸ் பிறந்த கணம் இது. இதைத்தான் மறுசேர்க்கை என்கிறோம்.

தாவல் எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். இந்த நொதிக்கு இரண்டு வேலைகள். முன்பக்கம் டி.என்.ஏ.வை எழுதிக்கொண்டே போகும். பின்பக்கம், தான் படித்து முடித்த ஆர்.என்.ஏ.வைத் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டே வரும். எனவே புதிதாக எழுதப்பட்ட டி.என்.ஏ. இழையின் ஒரு பகுதி எப்போதும் துணையில்லாமல் வெறுமனே தொங்கிக்கொண்டிருக்கும். பக்கத்திலேயே கிட்டத்தட்ட அதே வாசகம் கொண்ட இரண்டாவது ஆர்.என்.ஏ. இருக்கிறது. முன்னால் நொதி ஏதாவது முடிச்சிலோ உடைப்பிலோ தடுக்கி நின்றால், தொங்கும் இழை அந்த இரண்டாவது ஆர்.என்.ஏ.வோடு பொருந்திக்கொள்ளும். நொதி அங்கிருந்து தொடரும். தாவிய இடத்துக்கு ஒடிபுள்ளி என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

இதை நொதியின் தடுமாற்றம் என்று எழுதுபவர்கள் உண்டு. எனக்கு அந்தப் பார்வை சரியாகப் படவில்லை. எச்.ஐ.வி.யின் படியெடுப்பு ஆர்.என்.ஏ.வின் முன் முனைக்கு அருகில் தொடங்கி, சிறிது தூரத்திலேயே முனைக்கு முட்டி நின்றுவிடும். அங்கிருந்து மறு முனைக்குத் தாவினால்தான் மேற்கொண்டு ஒரு எழுத்துகூட எழுத முடியும். அதாவது தாவத் தெரியாவிட்டால் இந்த வைரஸால் இனப்பெருக்கமே செய்ய முடியாது. தாவல் அதன் அடிப்படைத் தொழில்நுட்பம். மறுசேர்க்கை அதன் உடன்பிறப்பு.

எவ்வளவு அடிக்கடி? வைரஸின் மரபணுத் தொகுதி ஏறத்தாழ 9,700 எழுத்துகள், அதாவது வேதி அலகுகள். படியெடுக்கும்போது எழுத்துப்பிழை விழுவது சுமார் 30,000 எழுத்துகளுக்கு ஒன்று, அதாவது மூன்று பிரதிக்கு ஒரு பிழை. ஆனால் தாவல் ஒரே பிரதிக்குள்ளேயே பல தடவை நடக்கிறது. செல்லின் வகையைப் பொறுத்து மூன்று நான்கிலிருந்து பத்துக்கு மேலும் ஆய்வுக்கூடங்களில் அளந்திருக்கிறார்கள். எச்.ஐ.வி. வேகமாக மாறுகிறது என்றதும் எல்லோரும் பிழைகளைத்தான் நினைக்கிறார்கள். எண்ணிக்கையில் பார்த்தால் தாவல்தான் பெரியது.

அப்படியானால் ஏன் எல்லா நோயாளிகளிடமும் கலப்பு வைரஸ் இல்லை? இருக்கிறது, நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒரே வகைத் தொற்று உள்ளவரிடம் இரண்டு ஆர்.என்.ஏ.வும் அநேகமாக ஒரே மாதிரி இருக்கும். எத்தனை தடவை தாவினாலும் விளைவு அதேதான். இரண்டும் வெவ்வேறு துணைவகையாக இருக்கும்போதுதான் தையல் தெரிகிறது. துணைவகைகளுக்கு இடையிலான மறுசேர்க்கை என்பது எப்போதும் நடக்கும் ஒன்றின் கண்ணுக்குப் புலப்படும் சிறு பகுதி. இந்தத் தலைப்பில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதென்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

ஜோடி சேர்வதில் பாரபட்சம் இல்லையென்றால் என்று மேலே சொன்னேன். உண்மையில் கொஞ்சம் உண்டு. ஒவ்வொரு ஆர்.என்.ஏ.வின் முன்பகுதியிலும் ஆறெழுத்துக் கொக்கி ஒன்று இருக்கிறது. அந்தக் கொக்கிகள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டுதான் இரண்டு ஆர்.என்.ஏ.வும் ஜோடியாகின்றன. துணைவகை பி-யில் பொதுவாக அது ஜி-சி-ஜி-சி-ஜி-சி. துணைவகை சி-யில் ஜி-யூ-ஜி-சி-ஏ-சி. ஒரே கொக்கி உள்ளவை எளிதாக மாட்டிக்கொள்ளும். பி-யும் சி-யும் சேர்ந்தால் சரியாகப் பொருந்தாது. ஆய்வுக்கூடத்தில் இவற்றின் மறுசேர்க்கை விகிதம் குறைவாகவே வருகிறது. ஆனால் நிஜ உலகில் பார்த்தால் சீனாவில் மிகப் பரவலாக உள்ள கலப்பு வைரஸ்களில் இரண்டு, பி-யும் சி-யும் சேர்ந்தவை! மூலக்கூறுகளின் விருப்பு வெறுப்பைவிட, இரண்டும் ஒரே உடலில் சந்திக்க எவ்வளவு வாய்ப்பு கிடைத்தது என்பதே பெரிய காரணியாகிவிடுகிறது.

இரண்டு துணைவகைகள் ஒரே ஆளிடம் வந்துசேர இரண்டு வழிகள். ஒரே காலகட்டத்தில் இரண்டும் தொற்றலாம், அது இணைத்தொற்று. அல்லது முதல் தொற்று நிலைபெற்று, உடல் அதற்கு எதிர்ப்பாற்றலைக் காட்டிய பிறகும் இரண்டாவது வந்து ஒட்டலாம், அது மேல்தொற்று. மேல்தொற்று சாத்தியமா என்பதில் நீண்டகாலம் சந்தேகம் இருந்தது. ஒருமுறை வந்த தொற்று அடுத்ததைத் தடுத்துவிடும் என்ற நம்பிக்கை பலரிடம் இருந்தது. தடுப்பூசி ஆராய்ச்சியாளர்களுக்கு அது ஆறுதலாகவும் இருந்தது. 2002-ல் அது உடைந்தது. தாய்லாந்தில் ஊசி மூலம் போதைப்பொருள் எடுப்பவர்களிடம், முதலில் ஒரு வகை, மாதங்கள் கழித்து வேறொரு வகை என்று தெளிவாகப் பதிவானது. அதே ஆண்டில் வேறு இடங்களிலிருந்தும் இதேபோன்ற அறிக்கைகள் வந்தன.

செல் அளவிலும் ஒரு தடை உண்டு. ஒரு செல்லுக்குள் குடியேறிய வைரஸ், தான் நுழைந்த வாசலான சி.டி.4 புரதத்தைச் செல்லின் மேற்பரப்பிலிருந்து இழுத்து அகற்றிவிடும். அடுத்தவன் வருவது கடினம். இரத்தத்தில் உள்ள தொற்றுற்ற செல்களில் பெரும்பாலானவற்றில் ஒரே ஒரு வைரஸ் பிரதிதான் இருக்கிறது என்று பின்னாளைய ஆய்வுகள் காட்டின. ஆனால் வாசல் மூடுவதற்குச் சிறிது நேரம் ஆகிறது. நிணநீர்க் கணுக்களில் செல்லும் செல்லும் ஒட்டி நிற்கும்போது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வைரஸ்கள் கும்பலாகவே பாய முடியும். சிகிச்சை இல்லாத உடலில் ஒரு நாளைக்குக் கோடிக்கணக்கில் வைரஸ் உற்பத்தியாகிறது. அரிதானதும் தினமும் நடக்க அது போதும்.

பிறக்கும் கலப்புகளில் பெரும்பாலானவை உருப்படாமலே போகின்றன. ஒரு புரதத்தின் தலைப்பகுதி ஒன்றிலிருந்தும் வால்பகுதி மற்றொன்றிலிருந்தும் வந்தால் இரண்டும் சேர்ந்து மடங்க வேண்டும், வேலை செய்ய வேண்டும். பிழைத்துப் பரவிய கலப்புகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் ஒடிபுள்ளிகள் சீராக விரவியிருப்பதில்லை. உறை மரபணுவின் நடுவில் குறைவு, அதன் ஓரங்களில் அதிகம். உறை முழுதாக ஒரே பெற்றோரிடமிருந்து வந்தால்தான் பொதுவாகத் தேறுகிறது.

அந்தத் தடைகளையெல்லாம் தாண்டி ஒரு கலப்பு ஒரே ஆளிடம் மட்டும் இருந்தால் அதைத் தனித்த கலப்பு, சுருக்கமாக யூ.ஆர்.எஃப். என்பார்கள். ஒருவருக்கொருவர் நேரடித் தொடர்பில்லாத குறைந்தது மூன்று பேரிடம் அதே ஒடிபுள்ளிகளோடு காணப்பட்டால் அது 'சுற்றிவரும் கலப்பு', அதாவது சி.ஆர்.எஃப். என்ற தகுதியைப் பெறும். ஒரு எண்ணும் கிடைக்கும். எண், பதிவான வரிசை. பின்னால் வரும் எழுத்துகள், பெற்றோர் துணைவகைகள். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட வகைகள் கலந்திருந்தால் எழுத்துகளுக்குப் பதில் 'சி.பி.எக்ஸ்.' என்று போட்டுவிடுவார்கள். பட்டியல் நூறைத் தாண்டிப் பல ஆண்டுகள் ஆகின்றன.

இப்போது காணாமல்போன எழுத்துகள். தாய்லாந்தில் 1980களின் இறுதியில் வேகமாகப் பரவிய ஒரு வைரஸின் உறை மரபணுவை ஆராய்ந்தபோது, அது அதுவரை தெரிந்த எந்தத் துணைவகையோடும் சேரவில்லை. 'இ' என்று பெயரிட்டார்கள். அப்புறம் மற்றப் பகுதிகளை வரிசைப்படுத்தினால் உட்புரதங்களுக்கான மரபணுவும் நொதிகளுக்கான மரபணுவும் துணைவகை ஏ-யாக இருந்தன. உறை மட்டும்தான் 'இ'. அப்படியானால் முழுக்க முழுக்க 'இ'யாக இருக்கும் பெற்றோர் எங்கே? மூல இடமான மத்திய ஆப்பிரிக்காவில் தேடியும் இன்றுவரை கிடைக்கவில்லை. எனவே 'இ' பட்டியலிலிருந்து நீக்கப்பட்டு, அந்த வைரஸ் 01_ஏஇ என்ற முதல் சி.ஆர்.எஃப். ஆனது. 'ஐ'யின் கதையும் கிட்டத்தட்ட இதேதான். சைப்ரஸிலும் கிரீஸிலும் கண்ட ஒரு வைரஸுக்கு வைத்த பெயர் அது. முழு வரிசை வந்ததும் பல துணைவகைத் துண்டுகளின் ஒட்டுப்போர்வை என்று தெரிந்தது. இப்போது 04_சி.பி.எக்ஸ்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவில் மிகப் பரவலான 02_ஏஜி, பெயரிலேயே ஏ-யும் ஜி-யும் கலந்தது. ஆனால் 2007-ல் வந்த ஒரு ஆய்வு, உறவு தலைகீழாக இருக்கலாம் என்று வாதிட்டது: 02 என்பதுதான் மூத்தது, தூய துணைவகை என்று நாம் மதிக்கும் ஜி அதிலிருந்து கலந்து பிறந்தது. இதில் எல்லோரும் உடன்படவில்லை. ஆனாலும் 'தூய துணைவகை' என்பதை ரொம்பப் புனிதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதற்கு இது போதும். எம் குழு 1920 வாக்கில் கொங்கோவின் கின்ஷாசா நகரில் பரவத் தொடங்கியது என்று, மாற்றங்கள் சேரும் வேகத்தை வைத்துக் காலம் கணிக்கும் மரபியல் கடிகாரங்கள் காட்டுகின்றன. அங்கிருந்து தற்செயலாக ஒவ்வொரு திசைக்கும் கிளம்பிய ஒவ்வொரு கிளையும் போன இடத்தில் பெருகி, நமக்குத் தனித்தனி வகையாகத் தெரிகிறது. கொங்கோவிலேயே இருப்பவற்றைப் பார்த்தால் எல்லைக்கோடுகள் மங்கலாகத்தான் இருக்கும். இன்னும் பின்னால் போனால், எம் குழுவின் மூதாதையான சிம்பன்சி வைரஸே இரண்டு வேறு குரங்கு வைரஸ்கள் கலந்து உருவானது. சிம்பன்சிகள் சிறு குரங்குகளை வேட்டையாடித் தின்பவை. மங்காபே என்ற குரங்கு இனம் ஒன்றின் வைரஸும் ஒரு புள்ளிமூக்குக் குரங்கின் வைரஸும் அப்படி ஒரே சிம்பன்சிக்குள் சந்தித்திருக்கின்றன. மறுசேர்க்கை இல்லாவிட்டால் எச்.ஐ.வி.யே இந்த உருவத்தில் வந்திருக்காது.

கலப்புகளின் வரைபடத்தை விரித்தால், இரண்டு பரவல் அலைகள் மோதிய இடங்கள் பளிச்சென்று தெரியும். சீனாவின் யுன்னான் மாகாணம் நல்ல எடுத்துக்காட்டு. ஹெராயின் கடத்தல் பாதையில் இருக்கும் அங்கே, தாய்லாந்துப் பக்கத்திலிருந்து வந்த பி-யும் இந்தியாவிலிருந்து வந்த சி-யும் ஊசி பகிர்ந்துகொண்டவர்களிடம் சேர்ந்தன. பிறந்த இரண்டு கலப்புகளில் 07_பிசி வடமேற்கே ஷின்ஜியாங்குக்கும், 08_பிசி கிழக்கே குவாங்ஷிக்கும் கடத்தல் பாதைகளைப் பிடித்தே போயின. ரஷ்யாவின் கலினின்கிராடில் 1996-ல் வெடித்த தொற்று 03_ஏபி. மலேசியாவில் 01_ஏஇ, பி-யோடு மறுபடி கலந்து 33_01பி ஆனது. கலப்பின் கலப்பு. சைபீரியாவிலும் 02_ஏஜி அங்குள்ள ஏ வகையோடு சேர்ந்து புதியதொன்று பெருகியிருக்கிறது. பயணமும் நகரமயமும் கூடக்கூட இந்தப் பட்டியல் நீளும், குறையாது.

இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? வைரஸின் முழு மரபணுத் தொகுதியையும் வரிசைப்படுத்தி, தெரிந்த துணைவகைகளின் மாதிரிகளோடு அடுக்கிவைப்பார்கள். பிறகு 300, 400 எழுத்து அகலமுள்ள ஒரு சன்னலை அதன் மேல் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒவ்வொரு நிறுத்தத்திலும் இந்தத் துண்டு எந்த வகைக்கு நெருக்கம் என்று வம்சாவளி மரம் வரைந்து கணக்கிடும் மென்பொருள். வரைபடத்தில் சி-யின் கோடு மேலே ஓடிக்கொண்டிருக்கும். ஓரிடத்தில் சரேலென்று விழும். பி-யின் கோடு எழும்பும். அந்தக் குறுக்குவெட்டுதான் ஒடிபுள்ளி. அழகான படம், ஆனால் ஏமாறவும் இடமுண்டு. சன்னல் சிறிதானால் தற்செயலான ஏற்ற இறக்கம் அதிகம், பெரிதானால் குட்டித் துண்டுகள் மறைந்துவிடும். அதைவிடப் பெரிய சங்கடம், மாதிரியைப் பெருக்கும் பி.சி.ஆர். எந்திரத்துக்குள்ளேயே பாதியில் நின்ற இழைகள் வேறு இழையோடு ஒட்டிப் போலிக் கலப்புகள் உருவாகும். இரண்டு வகையும் உள்ள ஒருவரின் மாதிரியில் ஒரே ஒரு கலப்பு வரிசை கிடைத்தால், அதை உடனே நம்பிவிடக் கூடாது.

சரி, கலப்பு வைரஸ் அதிகக் கொடியதா? பொதுவாக அப்படிச் சொல்ல முடியாது. தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும். கியூபாவில் ஏ, டி, ஜி மூன்றும் கலந்த 19_சி.பி.எக்ஸ். உள்ளவர்களுக்கு நோய் வேகமாக முற்றியதாக 2015-ல் ஓர் ஆய்வு வெளியானது. தொற்றிய மூன்றாண்டுக்குள் எய்ட்ஸ் நிலைக்குப் போனவர்களிடம் இந்த வகை அதிகம் இருந்தது. செய்தித்தாள்கள் அதைப் பெரிதாகப் போட்டன. மறுபக்கம், 07_பிசி உள்ளவர்களுக்கு நோய் மெதுவாக நகர்வதாகச் சீன ஆய்வுகள் காட்டின, அது செய்தியாகவில்லை. கொடிய வகை உருவாகக் கலப்பு தேவையும் இல்லை. நெதர்லாந்தில் சி.டி.4 செல்களை வழக்கத்தைவிட வேகமாக அழிக்கும் ஒரு கிளை 2022-ல் அறிவிக்கப்பட்டது. அது சாதாரண துணைவகை பி-யில் மாற்றங்கள் சேர்ந்து சேர்ந்து வந்தது. அந்தக் கிளைக்கும் வழக்கமான மருந்துகள் வேலை செய்தன.

மருந்து விஷயத்தில் மறுசேர்க்கைக்கு உண்மையான பல் இருப்பது துணைவகைக் கலப்பில் இல்லை, வைரஸை மருந்துக்கு அடங்காமல் செய்யும் எதிர்ப்பு மாற்றங்கள் சேர்வதில்தான். லாமிவுடினுக்கு எதிர்ப்பு தரும் மாற்றம் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸின் 184-வது இடத்தில் வரும். எஃபாவிரென்ஸ், நெவிரபின் இரண்டையும் முறியடிக்கும் மாற்றம் 103-வது இடத்தில். ஒரு வைரஸில் ஒன்றும் மற்றதில் மற்றதும் இருந்து, இரண்டும் ஒரு துகளில் சேர்ந்தால், இடையே உள்ள 243 எழுத்துகளுக்குள் (நொதியின் ஓர் இடத்துக்கு மூன்று எழுத்து) நொதி ஒரே ஒரு தாவு தாவினால் போதும், இரண்டு எதிர்ப்பும் ஒரே வைரஸுக்கு வந்துவிடும். புதிதாகப் பிழை விழக் காத்திருக்க வேண்டாம். தனித்தனி எதிர்ப்பு கொண்ட வைரஸ்களை ஒன்றாக வளர்த்து இதை 1990களிலேயே செய்து காட்டிவிட்டார்கள். நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: அதே தாவல் சேர்ந்திருக்கும் எதிர்ப்புகளைப் பிரித்தும் விடும். எது நிலைக்கும் என்பதை மருந்தின் அழுத்தம் தீர்மானிக்கிறது. அரைகுறையாக மருந்து எடுப்பவரிடம் வைரஸ் பெருகிக்கொண்டும் இருக்கும், மருந்தின் வடிகட்டலும் நடந்துகொண்டிருக்கும். எதிர்ப்புகள் சேர அதைவிடத் தோதான சூழல் கிடையாது.

முழுதாக எடுப்பவரிடம் நிலைமை தலைகீழ். மறுசேர்க்கை தனியாக நடக்கும் ஒன்று அல்ல, ஆர்.என்.ஏ. டி.என்.ஏ.வாகும் அந்தச் சில மணி நேரத்தில் மட்டும் நடப்பது. டெனோஃபோவிர், லாமிவுடின் போன்றவை நிறுத்துவது சரியாக அந்தப் படியைத்தான். டொலுடெகிராவிர் அடுத்த படியான செருகலை நிறுத்துகிறது. புதிய செல்கள் பிடிபடவில்லை என்றால் தாவலுக்கு மேடையே இல்லை. உள்ளே ஒளிந்திருக்கும் பழைய பிரதிகள் அப்படியே உறைந்து கிடக்கும், கலக்காது. இந்த மருந்துகள் குறிவைக்கும் நொதிகளின் மையப் பகுதி துணைவகைக்குத் துணைவகை அதிகம் மாறுவதில்லை என்பதால் ஏ ஆனாலும் சி ஆனாலும் 01_ஏஇ ஆனாலும் முதல்நிலைச் சிகிச்சை ஒன்றே. விலக்கு என்று சொல்ல ஒன்று உண்டு: ஒன்றிரண்டு மாதங்களுக்கு ஒருமுறை ஊசியாகப் போடும் கேபோடெகிராவிர்-ரில்பிவிரின் கூட்டில், துணைவகை ஏ-யின் ஒரு கிளை தோல்விக்கான காரணிகளில் ஒன்றாகத் தெரியவந்தது. அதுவும் தனியாக அல்ல, வேறு காரணிகளும் சேரும்போது.

பரிசோதனை பற்றியும் பயம் வேண்டாம். தொற்று உண்டா என்று பார்க்கும் இன்றைய பரிசோதனைகள் எம் குழுவின் எல்லாத் துணைவகைகளையும் அவற்றின் கலப்புகளையும் பிடிக்கின்றன. 1990களில் அபூர்வமான 'ஓ' குழுத் தொற்று சிலவற்றில் தப்பிப்போனது. அதற்கேற்பப் பரிசோதனைகள் திருத்தப்பட்டன. அந்த 'ஓ' குழுவும் எம் குழுவும் கேமரூனில் கலந்திருக்கின்றன, 1999-ல் பதிவானது. எச்.ஐ.வி. 1-ம் 2-ம் கலந்தது மட்டும் இரண்டும் ஒரே ஆளிடம் காணப்படும் இடங்களில்கூட இதுவரை கிடைக்கவில்லை.

தடுப்பூசி ஆராய்ச்சிக்கு இது பெரிய தலைவலி, அதை மறுக்க முடியாது. ஒரு துணைவகையைப் பார்த்துச் செய்த தடுப்பூசி மற்றதற்கு எடுபடுமா என்பதே சிக்கல், இதில் வகைகளே நிலையாக இல்லை. வைரஸின் வித்தையை வைரஸுக்கே திருப்பிவிடலாம் என்று கணினியில் செயற்கையாக மறுசேர்க்கை செய்து, பல வகைகளின் பொதுத் துண்டுகள் கொண்ட 'மொசைக்' புரதங்களை உருவாக்கினார்கள். யோசனை அருமையானது. ஆப்பிரிக்கப் பெண்களிடம் நடந்த இம்போகோடோ சோதனை 2021-லும், அமெரிக்கக் கண்டங்களிலும் ஐரோப்பாவிலும் நடந்த மொசைகோ 2023 ஜனவரியிலும் போதிய பாதுகாப்பு தரவில்லை என்று நிறுத்தப்பட்டன.

கடைசியாக, தொற்றுள்ள இருவர் சேர்ந்து வாழ்வது. ஒருவரிடமிருந்துதான் மற்றவருக்கு வந்தது என்றால் இருவரிடமும் இருப்பது அடிப்படையில் ஒரே வைரஸ். துணைவகைக் கலப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. வெவ்வேறு இடத்தில் தொற்றியவர்கள் என்றாலும், இருவரும் மருந்தை ஒழுங்காக எடுத்து இருவரின் வைரல் லோடும், அதாவது இரத்தத்தில் உள்ள வைரஸின் அளவும், கண்டறிய முடியாத அளவில் இருந்தால் பாலுறவு வழியாகக் கொடுக்க ஒருவரிடமும் வைரஸ் இல்லை, வாங்கும் பக்கத்திலும் மருந்து காவல் நிற்கிறது. ஒருவர் சிகிச்சையில் இல்லை, அல்லது மருந்துக்கு அடங்காத வைரஸ் என்று தெரிந்திருக்கிறது என்றால் நிலைமை வேறு. அப்போது மேல்தொற்று நடக்கலாம், அதோடு எதிர்ப்பு மாற்றங்களும் கைமாறலாம். வைரல் லோடு அடங்கும்வரை ஆணுறை அவசியம். ஊசி பகிர்வது எந்த நிலையிலும் கூடாது. நன்றாக அடங்கியிருந்த ஒருவருக்கு, மாத்திரை தவறாமலே வைரல் லோடு திடீரென்று ஏறினால், மருத்துவர் எதிர்ப்புப் பரிசோதனை எழுதுவார். மேல்தொற்றையும் ஒரு சாத்தியமாக அவரிடம் நீங்களே சொல்லலாம்.

அந்த எதிர்ப்புப் பரிசோதனை அறிக்கையின் மூலையில் சில சமயம் 'துணைவகை சி' என்றோ 'பி' என்றோ அச்சிட்டிருக்கும். அது வைரஸின் நொதி மரபணுவில் ஒரு பகுதியை மட்டும் படித்துச் சொன்னது. உறைப் பகுதி வேறு வகையாக இருந்தால் அந்த அறிக்கைக்குத் தெரியாது. சிகிச்சை அதனால் மாறப்போவதில்லை என்பதால், முழு வரிசை எடுத்துப் பார்க்கவேண்டும் என்று கூடுதல் பணம் கொடுத்துப் பரிசோதனைக்கு அலைய வேண்டாம். அது ஆய்வாளர்களுக்கான வேலை. உங்களுக்குத் தேவையான பரிசோதனை வைரல் லோடு.